சமையற்கட்டிலிருந்து பார்த்தால்

ஆகஸ்ட் மாதக் காற்றுக்கு ரூய்போர்ட்டில் கண்மண் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறட்டுவெளிச் செம்புழுதியை வாரி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைச் சுவர்கள் மேலும் அடிக்கும், இந்தப் பக்கத்துத் தகரக் கூரைகள் மேலும் அடிக்கும். இந்த ஊரில் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்தியது அது ஒன்றுதான் என்று மீத்தா ஆரீஸ் சொல்லுவாள். சொல்லிவிட்டு வாயில் புகுந்த மண்ணைத் துப்புவாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒரே வேலை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தான் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் இரண்டு டிரம்மின் மேல் ஒரு பழைய கதவைப் படுக்கவைத்து, அதன்மேல் கூரைக்கு அடியில் பதிக்கும் சீலிங் தகட்டை விரித்து, சோடாக் காரத்தை ஊற்றி ஊறவிட்டு, பெயின்டைச் சுரண்டுவது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டியிருப்பாள். மேலே வெள்ளை, அதன் கீழே பச்சை, அதன் கீழே சந்தன நிறம். எல்லாவற்றுக்கும் அடியில், தகட்டில் அழுத்திப் புடைக்கவைத்த திராட்சைக் குலைகளின் இடுக்கில், பழுப்பாக ஒரு பிசின். ஸ்டேஷன் ஓட்டலின் மதுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக ஊதிய சுருட்டுப் புகை அது. ஓட்டலை இடித்தபோது தகடுகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போகவிருந்தான். மீத்தா லாரியின் முன்னால் போய் நின்று மறித்து வாங்கினாள்.

அந்த மதுக்கூடத்துக்குள் மீத்தாவின் ஆட்கள் யாரும் கால் வைத்ததில்லை. கலப்பு நிறத்தார் என்று சட்டம் பிரித்து வைத்த அவர்களுக்குப் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். காசு உள்ளே போகும், பிராந்தி வெளியே வரும்.

"எந்த வெள்ளைக்காரன் ஊதுன புகையோ, என் நகக்கண்ணுல வந்து உக்காந்திருக்கு" என்பாள் மீத்தா.

"அவங்க ஊதுனா நீ கழுவுற. இதுல புதுசா என்ன இருக்கு?" என்பான் நீல்ஸ்.

நீல்ஸ் அவள் புருஷன். ரயில்வேயில் தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை பார்த்து முட்டி இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். நல்லவன்தான். ஆனால் எதிரில் இருப்பவர் முகம் கோணக் கூடாது என்பதற்காக எதற்கும் தலையாட்டிவிடுவான். அப்படிப்பட்ட நல்லவனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

தகடுகள் சர்ச் தெரு வீட்டுக்கு. அந்த வீடு மீத்தாவின் அப்பா கட்டியது. அவர் சேணம் தைக்கிறவர். மீத்தா சிறுமியாக இருந்தபோது சர்ச் தெரு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. அரசாங்க லாரி வந்து கட்டில், அடுப்பு, கோழிக் கூடு எல்லாவற்றையும் ஏற்றி ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போனது. வீட்டில் நீதிமன்ற குமாஸ்தா ஒருவரின் குடும்பம் குடியேறியது. சேணத்துக்கு ஆள் வராமல் அப்பா முடங்கினார். அம்மா ராஹெல் வேலை தேடிப் போனாள். வேலை கிடைத்தது. எங்கே கிடைத்தது என்பதுதான் கொடுமை. குமாஸ்தாவின் வீட்டில், அதாவது அவளுடைய வீட்டில்.

முதல் திங்கட்கிழமை அம்மா கைக்குழந்தை தாவித்தை முதுகில் கட்டிக்கொண்டு, மீத்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். கால் பழக்கத்தில் முன்வாசல் படியேறிக் கதவைத் தட்டினாள். அது அவள் தினம் காலையில் மெழுகு போட்டுத் தேய்த்த கதவு. குமாஸ்தாவின் மனைவி திறந்தாள். அவள் திட்டவில்லை. சிரித்தாள். "இது தப்பான கதவு, ராஹெல். சுத்திப் பின்பக்கமா வா" என்றாள். கதவு மூடியது. அம்மா சுற்றிப் போனாள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ என்று மீத்தா பல தடவை நினைத்திருக்கிறாள்.

முன் அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அம்மா தட்டை ஏந்தி அந்த நிலைப்படியில் நிற்க வேண்டும், மணி அடிக்கும் வரை. சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் மேலே பார்ப்பாள். "அந்த வீட்ல இருந்தப்ப நான் நிமிந்து பாத்ததே இல்லடி. இப்பத்தான் தெரியுது, அந்த சீலிங்கு முழுக்க கருப்புக் கருப்பா கோடு" என்று ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

சட்டம் போனது, காலம் போனது. குமாஸ்தாவின் மனைவியும் கிழமாகிச் செத்தாள். கேப் டவுனில் இருந்த மகன் வீட்டை ஏலத்துக்கு விடும் முன்னால் அதன் தகர சீலிங்குகளை மட்டும் பிய்த்துப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டான். புறா எச்சமும் வெறும் உத்தரமுமாகக் கிடந்த வீட்டை மீத்தாவும் நீல்ஸும் அவள் ஆஸ்பத்திரியில் சமைத்துச் சேர்த்த பணத்தையும் அவனுடைய ரயில்வே பணத்தையும் போட்டு வாங்கினார்கள். சாவியை வாங்கிய அன்று மீத்தாவின் கால் என்ன செய்தது தெரியுமா? நேராகக் கொல்லைக் கேட்டுக்குப் போனது. "வாசல் இங்க இருக்கு, நீ எங்க போற?" என்று நீல்ஸ் சிரித்தான். மீத்தாவுக்குத் தன் காலையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. அன்றிலிருந்து கையில் என்ன சுமை இருந்தாலும் முன்வாசல் வழியாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைவது என்று வைத்துக்கொண்டாள்.

தகடு பொருத்த வந்தவன் அவள் தம்பி தாவித். ஊரில் சீலிங் தாவித் என்றால்தான் தெரியும். சர்ச் தெருவில் விருந்தினர் விடுதியாக மாறிய அத்தனை பழைய வீட்டிலும் அவன் கை பட்டிருக்கிறது. தலைக்கனமும் அதற்குத் தக்கபடி உண்டு. மீத்தா சுரண்டிக் கொடுத்த தகட்டை வாங்கித் தூக்கிப் பிடித்து, ஓட்டை பார்த்து, "இந்தக் குலையில ரெண்டு பழத்தக் காணோம். சுரண்டுறேன்னு தின்னுட்டியா?" என்பான். மடங்கிய ஓரங்களைக் கட்டையில் வைத்து மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவான். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பான். உத்தரத்துக்குக் குறுக்கே ரீப்பர் அடித்து, சுண்ணாம்பு நூலைச் சுண்டிக் கோடு போட்டு, சமையற்கட்டுச் சுவரிலிருந்து தொடங்கி முன்வாசலை நோக்கித் தகடு தகடாக வந்தான். வாசலில் நிற்கிறவனுக்கு ஜாயின்ட் தெரியக் கூடாது என்பதற்குத்தான் அந்த வரிசை. ஒவ்வொரு புதுத் தகட்டின் ஓரமும் முந்தின தகட்டின் ஓரத்தை அடியிலிருந்து மூடும். வாசலிலிருந்து பார்த்தால் வெட்டு விளிம்பு அந்தப் பக்கம் திரும்பி ஒளிந்துகொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை மீத்தா கங்கில் சுட்ட ரொட்டியும் ஆட்டுக் கழுத்துக்கறியும் காபிக் குவளையுமாக ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தாள். காற்று ரொட்டித் துணியைப் பிடுங்கப் பார்த்தது. முன்வாசலில் நின்று மேலே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரத்துப் பட்டி மட்டும்தான் பாக்கி. அறை முழுக்கத் திராட்சைக் கொடி, ஒரே தகட்டில் வார்த்த மாதிரி.

"டேய் தாவித், உன் கையில என்னமோ இருக்குடா" என்றாள்.

"இப்பத்தான் தெரியுதாக்கும். ரொட்டியக் கொண்டா."

தம்பிக்குத் துணையாகக் காலையிலேயே வந்திருந்த நீல்ஸிடம் காபிக் குவளையைக் கொடுத்துவிட்டு, அவள் மனம் நிறைந்து போய்ச் சமையற்கட்டுக்குள் சென்று பாத்திரத்தை அடுப்பு மேல் வைத்தாள். திரும்பினாள். அப்போதுதான் நடுக்கதவில் புதிதாக ஒரு பித்தளைத் தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாள் முன் அறைப் பக்கம் இருந்தது. சமையற்கட்டுச் சுவரோரம் சீலிங்குக்கான மலிவு அட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தகடு பின்பக்கத்துக்கு இல்லை என்று அர்த்தம். நிலைப்படியில் நின்று நிமிர்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் அறை முழுக்க ஜாயின்ட். மேற்கு ஜன்னல் வெயிலில் ஒவ்வொன்றும் கருப்பாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அம்மா சொன்ன கோடுகள்.

"யாரு இந்தத் தாழ்ப்பாள வச்சது?"

நீல்ஸ் காபிக் குவளைக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். "காத்துக்கு கதவு அடிச்சுக்குது மீத்தா."

"காத்துக்குப் பித்தளைத் தாழ்ப்பாளா? அந்தப் பக்கமிருந்து போட்டா இந்தப் பக்கமிருந்து தெறக்க முடியாது. சமையக்கட்டுல யாரப் போட்டுப் பூட்டப் போறீங்க?"

"மச்சான், நீங்களே சொல்லிருங்க. நான் கூலிக்கு வந்தவன்" என்றான் தாவித் சாரத்தின் மேலிருந்து.

"நீ எப்படா கூலி வாங்கின?"

"அதான், கூலி இல்லாத கூலிக்காரன். எனக்கு எதுக்கு வம்பு?"

நீல்ஸ் குவளையைக் கீழே வைத்தான். "மிசிஸ் லூப்சர் தெரியும்ல. வெளியூர்க்காரங்களுக்கு ரூம் பிடிச்சுக் குடுக்குறவங்க. சீலிங்கு போடுறோம்னதும் வந்து பாத்தாங்க. முன் ரூமும் பக்கத்து ரூமுங்களும் அவங்களுக்கு. சமையக்கட்டு, பின் ரூமு, கொல்லை எல்லாம் நமக்கு. சனிக்கிழமை திரும்ப வந்து பேசி முடிச்சுக்கலாம்னு…"

"நாம எந்த வழியா வந்து போறது?"

"கொல்லைக் கேட்டு வழியா." அவன் குரல் இறங்கியது. "அகலமான கேட்டுதான் மீத்தா."

மீத்தா அவனை முறைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நீல்ஸுக்குப் பழக்கம், தலையைக் குனிந்து தாங்கியிருப்பான். அந்த முறைப்புதான் அவனைக் குடைந்தது.

"சும்மா மொறைக்காத" என்றான். "வீட்ட வாங்கிட்டா ஆச்சா? கூரை கேக்குது, குழாய் கேக்குது, முனிசிபாலிட்டி கேக்குது. என் முட்டிய வச்சு நான் எங்க போய் சம்பாதிக்க? இந்தத் தெருவுல எல்லா வீடும் அப்படித்தான் ஓடுது. அவங்க ராத்திரி தூங்குவாங்க, காலையில நீ ரொட்டி சுட்டுக் குடுப்ப, போயிருவாங்க. இதுல என்ன கேவலம்?"

"காலையில நான் ரொட்டி சுட்டுக் குடுப்பேன்."

"ஆமா."

"தட்டுல வச்சு."

"பின்ன கையிலயா?"

"அப்புறம் இந்தக் கதவுல நிப்பேன். அவங்க தாழ்ப்பாளத் தெறக்குற வரைக்கும்."

நீல்ஸுக்கு அப்போதும் புரியவில்லை. புரியாததற்கு அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அம்மா நின்ற கதையை மீத்தா யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியவில்லையே என்று ஊர்மேல் கோபித்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல இல்ல?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

"அது தெரிஞ்சும்தான பண்ணின." அவள் சாரத்தைப் பார்த்துத் திரும்பினாள். "தாவித், இந்த சீலிங்கக் கழட்டு."

"என்னது?"

"கழட்டித் திருப்பிப் போடு. முன்வாசல்ல ஆரம்பிச்சு இங்க வந்து முடி. இந்தச் சமையக்கட்டுக் கதவுல நின்னு பாத்தா ஒரு ஜாயின்ட்டு தெரியக் கூடாது."

"அப்ப முன்வாசல்ல நிக்கிறவனுக்குத் தெரியும்."

"தெரியட்டும்."

தாவித் சாரத்திலிருந்து இறங்கினான். அவன் முகம் ரெட் ஆக்சைடு நிறத்தில் இருந்தது. "அக்கா, விளையாடுறியா? நாளைக்கு எவனாவது வந்து பாத்துட்டு, தாவித்துக்குத் தகடு போடத் தெரியலம்பான். எந்த வீட்டுலயும் சீலிங்கோட முகம் முன்வாசலுக்குத்தான். சமையக்கட்டுக்கு யாரு முகம் வச்சுப் போடுவாங்க?"

"எந்த வீடு? பேரச் சொல்லு."

"டாக்டர் வீடு. பழைய பாங்கு வீடு. பாதிரியார் வீடு. எல்லாம்தான்."

"அந்த வீட்டுக்கெல்லாம் நீ எந்த வழியா வேலைக்குப் போன?"

தாவித் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "சாரம் கொண்டு போறதுக்குப் பின்பக்கம்தான் வசதி" என்றான்.

கழுத்துக்கறி அடுப்பு மேலேயே ஆறி, மேலே வெள்ளையாகக் கொழுப்பு கட்டியது. மீத்தா யாருக்கும் எடுத்து வைக்கவில்லை. எடுத்துச் சாப்பிடும் தைரியம் அவர்கள் இருவருக்கும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவளே போனாள். பனி உறைந்து கொல்லைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. முன்வாசலைத் திறந்து, தாவித்தின் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கியை எடுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் சொருகிச் சாரத்தில் ஏறினாள். வாசலை ஒட்டிய கடைசித் தகட்டின் விளிம்பில் இரும்பைக் கொடுத்து நெம்பினாள். ஆணி கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. ஒன்று, இன்னொன்று. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வசவு. குமாஸ்தாவுக்கு, அவன் பெண்டாட்டிக்கு, லாரிக்காரனுக்கு, நீல்ஸுக்கு, அகலமான கேட்டுக்கு. தன் காலுக்கும் ஒன்று வைத்தாள்.

தாவித் வாசலில் வந்து நின்று தலையில் கையை வைத்துக்கொண்டான். "நிறுத்து. அந்த மூலை துருப்பிடிச்சது. நெம்பாத, கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

"உன் சீலிங்கு கிழிஞ்சா உன் தலையெழுத்து. என் தகடு, நான் தட்டி நிமித்துனது. இறங்கு."

"திருப்பிப் போடுறேன்னு சொல்லு, இறங்குறேன்."

அவன் ஏறி வந்து தகட்டின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தான். விட்டால் அது மடங்கிவிடும். அக்காவும் தம்பியும் தலைக்கு மேல் ஒரு தகட்டைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வெள்ளைப் புகையாக வர, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு இப்படிப் பேய் பிடிச்ச மாதிரி ஆடுற? அதயாவது சொல்லு."

மீத்தா சொன்னாள். முன்வாசலைத் தட்டியது, சுற்றி வா என்றது, தட்டு, மணி, கருப்புக் கோடு. நீல்ஸ் எப்போது வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை. "அன்னைக்கு நீயும் இருந்தடா. அம்மா முதுகுல. மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு."

"கைக்குழந்தைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றான் தாவித்.

"உனக்கும் சேத்து எனக்கு இருக்கு. அதான் இப்படி ஆடுறேன்."

தாவித் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "தகட்ட மெதுவா இறக்கு. மூலையப் பாத்து" என்றான்.

அன்றும் மறுநாளும் அவன் வாய் ஓயவில்லை. அக்கா என்று பிறந்தவளையும், தகடு கண்டுபிடித்தவனையும், ஓட்டல் கட்டியவனையும் திட்டிக்கொண்டே ஆணியைப் பிடுங்கினான், அடித்தான். முன்வாசல் சுவரிலிருந்து தொடங்கிச் சமையற்கட்டு நிலைக்கு மேலே கடைசித் தகட்டைக் கொண்டுவந்து முடித்தான். மழுங்கின உளியால் ஜாயின்ட்டைத் தட்டித் தட்டி ஒட்டவைத்தான். ஒரு வேலையைத் தப்பாகச் செய்யச் சொன்னாலும் அதைச் சரியாகச் செய்யாமல் அவன் கைக்கு இருக்க முடியாது. நீல்ஸ் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தான். வீட்டில் மீத்தாவோடு பேச்சில்லை. அவள் தட்டை டொக்கென்று வைப்பாள், அவன் தின்றுவிட்டு எழுந்து போவான். லூப்சரிடம் வர வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தாழ்ப்பாளும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மிசிஸ் லூப்சர் வந்தாள். மீத்தா சமையற்கட்டில் ஆட்டுக் குடலும் காலும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான். அந்த வாடை தெருமுனை வரை போகும். லூப்சர் திறந்திருந்த முன்வாசலில் நின்று, "யாரும் இல்லையா?" என்று பாட்டுப் பாடுகிற மாதிரிக் கூப்பிட்டு, மேலே பார்த்தாள்.

"என்ன தாவித் இது? ஜாயின்ட் எல்லாம் பல்லிளிக்குதே. உங்களுக்கா இப்படி ஆச்சு?"

தாவித் தரையைப் பார்த்தான். மீத்தா கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தாள். நேராக லூப்சரின் எதிரில் போய் நின்றாள். சிரித்தாள். இரண்டு நாளாக அந்தச் சிரிப்பைத்தான் பழகி வைத்திருந்தாள்.

"இது தப்பான கதவு, மிசிஸ். சுத்திப் பின்பக்கமா வாங்க."

சொல்லிவிட்டுக் கதவை மூடினாள். வெளியே காலடிச் சத்தம் சரளைக்கல்லில் வீட்டைச் சுற்றிப் போனது. கேட்டு கிறீச்சிட்டது. நாய் குரைத்தது. "அடடா, என்ன அழகான அத்தி மரம்" என்று லூப்சரின் குரல் கேட்டது.

அவளுக்கு உறைக்கவே இல்லை. கொல்லையைச் சுற்றி வருவது அவளுக்கு ஒரு சின்ன உலாத்தல். எந்தக் கதவும் அவள் முகத்தில் மூடியதில்லை, அதனால் இதுவும் மூடியதாக அவளுக்குத் தெரியவில்லை. மீத்தா இத்தனை வருஷம் அடைகாத்த சொல் காற்றோடு போயிற்று.

லூப்சர் குடல் சட்டியைத் தாண்டி வந்து நடுக்கதவின் நிலையில் நின்றாள். நிமிர்ந்தாள். திராட்சைக் கொடி ஒரு வெட்டு இல்லாமல் முன்வாசல் வரை ஓடியது. "அம்மாடி" என்றாள். "இங்கேருந்து பாத்தா ஒரு கோடு இல்லையே. எதுக்கு இப்படித் திருப்பிப் போட்டீங்க?"

நீல்ஸ்தான் சொன்னான். "மீத்தாவோட அம்மா ராஹெல் இங்க வேலை பாத்தாங்க மிசிஸ். அவங்க வீடுதான். தட்ட ஏந்திக்கிட்டு இந்த எடத்துலதான் நிப்பாங்களாம்."

லூப்சர் நெஞ்சில் கை வைத்தாள். அவள் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. அதுதான் மீத்தாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றாள் லூப்சர். "வர்றவங்க இந்தக் கதைக்காகவே வருவாங்க. எல்லாரையும் கொல்லை வழியாவே கூட்டிட்டு வரலாம், உங்கம்மா வந்த மாதிரியே. அவங்க பேரு என்ன சொன்னீங்க, ராஹெலா? ராஹெல் வீடுன்னே பேரு வச்சிடலாம். காலையில நீங்க ஒரு தட்ட ஏந்திக்கிட்டு இந்த நிலையில கொஞ்சம் நின்னீங்கன்னா, போட்டோ எடுத்துக்கக் கூட…"

மீத்தா அவளைத் தாண்டிப் போய் அடுப்பின் மேலிருந்த கரண்டியை எடுத்துவிட்டாள். என்ன செய்திருப்பாளோ தெரியாது. அதற்குள் நீல்ஸ் தாவித்தின் பெட்டியைக் குடைந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். நடுக்கதவுக்குப் போய், முட்டி நொறுங்குகிற சத்தத்தோடு மண்டியிட்டு, பித்தளைத் தாழ்ப்பாளின் திருகைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்ன நீல்ஸ் பண்றீங்க? அது வேணுமே. விருந்தாளிங்களுக்குப் பாதுகாப்பு…"

"வேணாம் மிசிஸ்." அவன் நிமிரவில்லை. "காத்துக்கு கதவு அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்."

"நாம பேசினது?"

"நான் பேசினேன். வீட்டுக்காரி பேசல." ஒரு திருகு தரையில் விழுந்து உருண்டது. "ரூமு இல்ல மிசிஸ். இங்க நாங்க இருக்கப் போறோம்."

வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரியிடம் நீல்ஸ் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். காதுமடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. லூப்சர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. மூடியிருந்த முன்கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வந்த வழியே, சட்டியைத் தாண்டி, அத்தி மரத்தைத் தாண்டிப் போனாள். இந்தத் தடவை மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கூரைக்கு என்ன பண்ணப் போற?" என்றாள் மீத்தா. இரண்டு நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஒழுகுனா சட்டி வைப்போம்" என்றான் நீல்ஸ். "எழுப்பி விடு. முட்டி பிடிச்சுக்கிச்சு."

அவள் தூக்கிவிட்டாள். கொஞ்சம் வேகமாகத்தான் தூக்கினாள், கோபம் இன்னும் போகவில்லை. அது போகிற கோபமும் இல்லை.

தாவித்தும் நீல்ஸும் மேஜையை முன் அறையின் நடுவில் இழுத்துப் போட்டார்கள். மீத்தா குடல் சட்டியை அப்படியே கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தட்டு எடுக்கவில்லை. மூன்று பேரும் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியிலேயே தொட்டுத் தின்றார்கள். முன்கதவை விரியத் திறந்து, காற்றில் மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்திருந்தாள். புழுதி உள்ளே வந்தது. சர்ச் தெருவில் போகிறவர்கள் வாடைக்குத் திரும்பி, வாசல் வழியாக உள்ளே பார்த்து, அப்படியே மேலேயும் பார்த்தார்கள்.

"அக்கா, தெருவுல போறவனுக்கெல்லாம் ஜாயின்ட்டு தெரியுது" என்றான் தாவித். அவனுக்கு அது இன்னும் ஆறவில்லை.

மீத்தா எலும்பை உறிஞ்சி முடித்தாள்.

"தெரியட்டும்" என்றாள்.